‘சர்வைவல் கிட்’ வாங்கப் போறீங்களா? டப்பாவில் பாதி நம்ம காட்டுக்கு ஆகாது!

ஆன்லைனில் ‘சர்வைவல் கிட்’ என்று தேடிப் பாருங்கள். உள்ளங்கை அளவு டப்பா ஒன்று வரும். தீ மூட்டும் கம்பி, மடக்குக் கத்தி, கம்பி ரம்பம், தூண்டில் முள், நரம்பு, சட்டைப் பொத்தான் அளவில் ஒரு திசைகாட்டி, கையில் கட்டிக்கொள்ள பாராகார்ட் கயிறு, வெள்ளி நிறத்தில் மடித்த போர்வை. பார்க்க கெத்தாகத்தான் இருக்கும். வார இறுதியில் மலையேறக் கிளம்பும் பல ஐடி இளைஞர்களின் பையில் இப்போது இப்படி ஒரு டப்பா இருக்கிறது. டப்பா இருக்கு, இனி என்ன கவலை என்று ஒரு தைரியமும் கூடவே வந்துவிடுகிறது.

அந்த தைரியம்தான் சிக்கல். மேற்குத் தொடர்ச்சி மலையில் வழி தவறும் ஒருவருக்கு அந்த டப்பாவில் பாதிப் பொருள் எதற்கும் உதவாது. இன்னும் சில பொருள்கள் வனத்துறையிடம் வழக்கு வாங்கித் தரக்கூடியவை.

இந்த டப்பா எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் காரணம் புரியும். இரண்டாம் உலகப் போரில், எதிரி நாட்டின் மேல் பறக்கும் விமானிகளுக்காக பிரிட்டிஷ் ராணுவத்தின் எம்ஐ9 பிரிவு சின்னச் சின்னப் பெட்டிகளைத் தயாரித்தது. விமானம் விழுந்து உயிர் தப்பினால், யார் கண்ணிலும் படாமல் நடந்து தப்பிக்க வேண்டும். அதற்கான பெட்டி அது. திசைகாட்டி, தண்ணீர் சுத்திகரிப்பு மாத்திரை, கூடவே ஹார்லிக்ஸ் மாத்திரை. (ஆமாம், நம்ம வீட்டு ஹார்லிக்ஸேதான்.) பிறகு பிரிட்டிஷ் சிறப்புப் படையான எஸ்.ஏ.எஸ்-ல் பணியாற்றிய ஜான் ‘லாஃப்டி’ வைஸ்மேன் 1986-ல் ஒரு கையேடு எழுதினார். அதில் சொல்லப்பட்ட தகர டப்பாவில் தீப்பெட்டி, தீக்கல், தூண்டில் முள், கண்ணி வைக்கக் கம்பி, வளையும் ரம்பம் எல்லாம் இருந்தன. இன்று விற்கும் டப்பாக்களில் பெரும்பாலானவை இதன் பேரப்பிள்ளைகள்.

அது ராணுவ வீரருக்கான பட்டியல். பல நாள், பல வாரம் யாரும் தேடி வரமாட்டார்கள், காட்டிலேயே வேட்டையாடிச் சாப்பிட்டுப் பிழைக்க வேண்டும் என்ற கணக்கு. நம் ஊர்க் கணக்கு வேறு. இங்கே வழி தவறுபவரைத் தேடி வனத்துறை, தீயணைப்புத் துறை, உள்ளூர் மக்கள் என்று ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். அவர்கள் வந்து சேரும் வரை, ஒரு ராத்திரியோ இரண்டு ராத்திரியோ உடம்பு கெடாமல் இருக்கணும். தேடுபவர் கண்ணிலும் காதிலும் படணும். அவ்ளோதான் வேலை. மீன் பிடிக்கிற வேலை இதில் எங்கேயும் இல்லை.

மலையேறுபவர்கள் சொல்லும் ‘மூன்று’ கணக்கு ஒன்று உண்டு. மோசமான குளிர், மழையில் ஒதுங்க இடமில்லாமல் 3 மணி நேரம், தண்ணீர் இல்லாமல் 3 நாள், உணவு இல்லாமல் 3 வாரம் தாக்குப்பிடிக்கலாம் என்பது அது. தோராயக் கணக்குதான், ஆனால் வரிசை சரி. உணவு கடைசியில் இருக்கிறது. ஆன்லைன் டப்பாவிலோ உணவு தேடும் சாமான்கள் முன்னால் வந்து நிற்கின்றன.

சட்டம் என்ன சொல்கிறது?

மலையேற்றப் பாதைகளில் பல, சரணாலயம் அல்லது புலிகள் காப்பகத்துக்குள் இருக்கின்றன. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-ன் 31-வது பிரிவுப்படி, எழுத்துப்பூர்வ முன் அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையக் கூடாது. ஆயுதம் என்றால் துப்பாக்கி என்றுதான் நாம் நினைப்போம். அதே சட்டம் ஆயுதம் என்பதற்குத் தரும் விளக்கத்தில் கத்தி, முள் கொக்கி, வலை, கண்ணி, பொறி என்று பெயர் சொல்லியே பட்டியல் இருக்கிறது. டப்பாவைத் திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள். கத்தி இருக்கு, தூண்டில் முள் இருக்கு, சில டப்பாக்களில் கண்ணிக் கம்பியும் இருக்கு. ‘சும்மா சேஃப்டிக்கு வச்சிருக்கேன் சார்’ என்று சோதனைச் சாவடியில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

30-வது பிரிவு சரணாலயத்துக்குள் தீ வைப்பதையும் நெருப்பை அணைக்காமல் விட்டுவிட்டு வருவதையும் தடை செய்கிறது. காப்புக்காடுகளுக்கு 1882-ம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம் இருக்கிறது. அங்கேயும் நெருப்புக்கு இடமில்லை. சரி, உயிர் போகிற நேரத்தில் சட்டம் பார்க்க முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் சட்டத்தை விடுங்கள், அந்தத் தீக்கம்பியால் வேலை நடக்குமா? வடகிழக்குப் பருவமழையில் நனைந்து ஊறிய சோலைக்காட்டில் விறகு பற்றவே பற்றாது. கோடையில் காய்ந்த புல்வெளியிலோ ஒரு பொறி போதும், அணைக்க முடியாது. ஒரு காலத்தில் பற்றாது, இன்னொரு காலத்தில் அணையாது. யூடியூபில் பத்து நொடியில் தீ மூட்டுகிறவர் வேறு நாட்டில், வேறு மரத்தில் செய்துகாட்டுகிறார்.

ஒரு உண்மைச் சம்பவம்

2022 பிப்ரவரியில் பாலக்காடு மாவட்டம் மலம்புழா அருகே குரும்பாச்சி மலையில் ஏறிய ஓர் இளைஞர், வழுக்கி விழுந்து செங்குத்துப் பாறையின் இடுக்கில் மாட்டிக்கொண்டார். காலில் காயம். மேலே ஏறவும் முடியாது, கீழே இறங்கவும் முடியாது. சாப்பாடும் தண்ணீரும் இல்லாமல் கிட்டத்தட்ட 45 மணி நேரம் அங்கேயே இருந்தார். ஹெலிகாப்டர் முயற்சி பலிக்கவில்லை. கடைசியில் ராணுவ வீரர்கள் மேலிருந்து கயிறு கட்டி இறங்கி அவரை மீட்டார்கள். கேரளா, தமிழ்நாடு எல்லாம் டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்த மீட்பு அது.

அவருக்கு எது உதவியது? போன். மாட்டிக்கொண்ட இடத்தைப் படம் எடுத்து அனுப்பியதால்தான் எங்கே இருக்கிறார் என்றே தெரிந்தது. எது இல்லாமல் தவித்தார்? தண்ணீர். பகலில் பாறைச் சூடு, ராத்திரியில் குளிர். தீக்கம்பி, ரம்பம், தூண்டில் எல்லாம் அவர் பையில் இருந்திருந்தாலும் எதை வைத்து என்ன செய்திருக்க முடியும்? கிட்டைத் தேர்வு செய்யும்போது ஒவ்வொரு பொருளையும் அந்தப் பாறை இடுக்கில் வைத்து யோசித்துப் பார்க்கலாம்.

அப்படி யோசித்தால் முதலில் வருவது போனை உயிரோடு வைத்திருப்பது. 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் சுமார் 200 கிராம் இருக்கும். கேபிளை மறந்துவிட்டு பவர் பேங்க்கை மட்டும் எடுத்துவருபவர்கள் அதிகம், இரண்டையும் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, ஜிப் கவரில் வைக்கணும். டவர் இல்லாத இடத்தில் போன் ஓயாமல் டவரைத் தேடிக்கொண்டே இருப்பதால் சார்ஜ் மளமளவென்று இறங்கும். ஏறத் தொடங்கும்போதே ஏரோப்ளேன் மோடில் போடுவது நல்லது.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று: டவர் சிக்னல் வேறு, ஜிபிஎஸ் வேறு. ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து நேராக வருகிறது, டவர் தேவையில்லை. ஊரில் இருக்கும்போதே அந்தப் பகுதியின் வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்கி வைத்திருந்தால், காட்டுக்குள்ளும் நீலப் புள்ளி வேலை செய்யும். ஓபன்ஸ்ட்ரீட்மேப் அடிப்படையிலான ஆப்களில் ஒற்றையடிப் பாதைகள்கூடப் பல இடங்களில் பதிவாகியிருக்கின்றன. வாட்ஸ்அப் லைவ் லொகேஷனை நம்பிக் கிளம்புவதுதான் வீண், டவர் போனதும் அதுவும் நின்றுவிடும். உங்கள் சிம்முக்கு சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு கம்பெனி டவர் எட்டினால் 112-க்கு அழைப்பு போக வாய்ப்பு உண்டு. அதனால் முயற்சி செய்யாமல் விடக் கூடாது.

வெளிநாட்டு விமர்சன வீடியோக்களில் முதல் இடத்தில் வரும் பொருள் ஒன்று உண்டு, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கையடக்கக் கருவி. அற்புதமான பொருள்தான். ஆனால் இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் செயற்கைக்கோள் போனோ இந்தக் கருவியோ வைத்திருக்கக் கூடாது. விவரம் தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையங்களில் பிடிபட்டிருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் நண்பரிடம் ‘ஒண்ணு வாங்கிட்டு வாடா’ என்று சொல்லிவிடாதீர்கள்.

அடுத்தது வெளிச்சம். இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் நம் பக்கம் பெரும்பாலும் கிழக்குச் சரிவு. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குவதால், காலண்டரில் சொல்லும் அஸ்தமன நேரத்துக்கு வெகு முன்பே பள்ளத்தாக்கில் நிழல் விழுந்துவிடும். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் அந்தி மயங்கும் நேரமும் குறைவு. ‘இன்னும் வெளிச்சம் இருக்கே’ என்று நினைத்து அரை மணி நேரம் நடந்தால், மரத்தடியில் கால் வைக்கும் இடம் தெரியாது. வழி தவறுவதும் கால் பிசகுவதும் பாம்பை மிதிப்பதும் அதிகம் நடக்கும் நேரம் அது. போன் டார்ச்சைப் போட்டால் கை ஒன்று போச்சு, சார்ஜும் போச்சு. தலையில் மாட்டும் டார்ச் ஒன்று 100 கிராம்கூட இருக்காது. ஒரே ஒரு பொருளுக்குத்தான் காசு இருக்கு என்றால் அதை இதற்குக் கொடுக்கலாம்.

ராத்திரி தங்க நேர்ந்தால் குளிர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி குறையும். அடிவாரத்தில் வியர்த்து வழிந்தவர், 2,000 மீட்டர் உயரத்தில் நனைந்த டி-ஷர்ட்டோடு காற்றில் உட்கார்ந்தால் நடுங்கத் தொடங்குவார். நடுக்கத்துக்குப் பிறகு வருவது குழப்பம். யோசிக்கும் திறன் குறையும், தப்பான முடிவு எடுப்பார். ‘தமிழ்நாட்டில் குளிரில் என்ன ஆகப் போகுது’ என்ற அலட்சியம் கொடைக்கானல், நீலகிரி உயரங்களில் செல்லாது.

டப்பாவில் இருக்கும் வெள்ளிப் போர்வை இந்த இடத்தில் உண்மையிலேயே உதவும், 50, 60 கிராம்தான். ஆனால் அது தானாகச் சூடு தராது, உடம்புச் சூட்டைத் திருப்பி அனுப்பும், காற்றையும் தடுக்கும். ஈர உடையின் மேல் போர்த்தி ஈரமான தரையில் உட்கார்ந்தால் பெரிய பயன் இல்லை. முள்ளில் பட்டால் கிழியும். முடிந்தவர்கள் அதையே பை மாதிரித் தைத்து, ஆரஞ்சு நிறத்தில் வருவதை வாங்கலாம், தேடுபவர் கண்ணிலும் படும். இல்லாதவர்கள் நல்ல மழைக்கோட்டு ஒன்றும், தண்ணீர் புகாத கவரில் ஒரு உலர்ந்த பனியனும் வைத்துக்கொண்டால் போதும். முதலில் ஈரத்தை மாற்றி, பையின் மேல் உட்கார்ந்து, பிறகு போர்வை.

தண்ணீர் விஷயத்தில் டப்பாவே தேவையில்லை. இரண்டு மூன்று லிட்டரைச் சுமக்க வேண்டும், குறுக்குவழி கிடையாது. நீலகிரி, கொடைக்கானல் பகுதிகளில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் ஸ்டீல் பாட்டில் நல்லது. தீர்ந்துபோனால் ஓடைத் தண்ணீரைக் கைக்குட்டையில் வடிகட்டி, குளோரின் மாத்திரை போட்டு, அட்டையில் போட்டிருக்கும் நேரம் வரை காத்திருந்து குடிக்கலாம். மாத்திரை எத்தனை லிட்டருக்கு என்பதைக் கடையிலேயே பார்த்து வாங்கவும், 20 லிட்டர் குடத்துக்கான மாத்திரையும் விற்கிறது.

கூடவே இரண்டு பாக்கெட் ஓஆர்எஸ். உலக சுகாதார நிறுவன அளவில் வரும், ஒரு லிட்டருக்கான தூள் பாக்கெட்தான் ஓஆர்எஸ். அந்தப் பெயரைப் பெரிதாகப் போட்டு அட்டைப் பெட்டியில் விற்ற இனிப்புப் பானங்களில் சர்க்கரை பல மடங்கு. பானங்கள் அப்படிப் பெயர் வைத்துக்கொள்ள 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை போட்டது. அரை லிட்டரில் முழுப் பாக்கெட்டைக் கொட்டிக் கலக்கினால் ‘ஸ்ட்ராங்’ ஆகாது, தப்பான அளவாகிவிடும்.

விசில். சில கிராம் எடை, ஒரு டீ, வடை விலை. கத்திக் கத்தித் தொண்டை அரை மணியில் கட்டிவிடும், விசில் ராத்திரி முழுக்க ஊதலாம். மூன்று முறை ஊதி, இடைவெளி விட்டு மறுபடி மூன்று முறை. ஆபத்துக்கான சைகையாக உலகின் பல பகுதிகளில் புரிந்துகொள்ளப்படுவது இந்த மூன்றுதான். பையின் அடியில் போட்டுவைக்காமல் தோள்பட்டையில் கட்டியிருக்கணும். யானை நடமாடும் காட்டில் விளையாட்டுக்கு ஊதக் கூடாது, வழிகாட்டி பக்கத்தில் இருந்தால் அவர் சொன்ன பிறகுதான்.

பாம்புக்கடி கிட்?

விஷத்தை உறிஞ்சும் ரப்பர் பம்ப், இறுக்கிக் கட்டும் பட்டை, கீறுவதற்கு பிளேடு. இப்படி ‘ஸ்நேக் பைட் கிட்’ என்று தனியாகவும் விற்கிறார்கள். காசைக் கொடுத்து ஆபத்தை வாங்குவது இது. உறிஞ்சினால் விஷம் வெளியே வராது, கீறினால் ரத்தப்போக்கு, இறுக்கிக் கட்டினால் கால் அழுகும் அபாயம். இந்தியாவின் சிகிச்சை வழிகாட்டுதல் எலும்பு முறிவைப் போல நினைத்துச் செயல்படச் சொல்கிறது. கடிபட்ட கை, காலை ஒரு குச்சி வைத்து, ரத்த ஓட்டம் தடைபடாமல் துணியால் கட்டி, அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மோதிரம், கொலுசு, வாட்ச்சை வீக்கம் வருவதற்குள் கழற்றிவிடணும்.

இதற்குத் தேவை ஒரு க்ரேப் பேண்டேஜ். அது கணுக்கால் பிசகினாலும் உதவும். மலையில் பாம்பைவிடக் கணுக்கால்தான் அதிகம் பேரைப் படுக்கவைக்கிறது. நம் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்துத் தயாரிக்கப்படுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் குழிவிரியன்களுக்கு அது வேலை செய்யாது. அதனால் கடித்த பாம்பைப் பிடிக்கப் போகாமல், முடிந்தால் தூரத்திலிருந்து ஒரு படம் எடுத்தால் டாக்டருக்கு உதவும்.

அட்டைப்பூச்சிக்கு ஒரு பொட்டலம் உப்பு. உயிருக்கு ஆபத்து இல்லை, அருவருப்புதான். தேனீக் கொட்டுக்கு அலர்ஜி உள்ளவர்கள், ஆஸ்துமா, இதய நோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள் அவரவர் மருந்தை ஒரு நாள் கூடுதலாகவே வைத்துக்கொள்ள வேண்டும். வெள்ளியங்கிரி ஏழு மலையில் சீசன்தோறும் மாரடைப்பு, மூச்சுத்திணறல் மரணங்கள் செய்தியாகின்றன. அங்கே கிட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் டாக்டரைப் பார்ப்பதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

கிட்டுக்குள் அடங்காத விஷயம் தேதி. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் உயிரிழந்தார்கள். வார இறுதிக்கு மலையேறப் போன சென்னை, ஈரோடு, திருப்பூர் இளைஞர்கள் அதில் அதிகம். காய்ந்த புல் சரிவில் தீ வந்தால் எந்தப் பையில் இருக்கும் எந்தப் பொருளாலும் ஒன்றும் செய்ய முடியாது. அதன் பிறகுதான் தமிழ்நாடு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் 2018 வந்தன. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகள், உள்ளூர் வழிகாட்டிகளோடு ஆன்லைன் பதிவுக்குத் திறக்கப்பட்டன. தீ அபாயக் காலமான பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை பாதைகள் மூடப்படுவது இதனால்தான். ‘இன்ஸ்டாவில் பார்த்த வேற ரூட் இருக்கு, யாருக்கும் தெரியாது’ என்று யாராவது சொன்னால், நீங்கள் மாட்டிக்கொண்டாலும் யாருக்கும் தெரியாது என்று அர்த்தம்.

மேலே சொன்னதில் தண்ணீர், மழைக்கோட்டு தவிர மற்றவை எல்லாம் சேர்ந்து சுமார் அரை கிலோதான். இதைப் பெரிய பையில் போடாமல் இடுப்புப் பையில் வைப்பது முக்கியம். பெரிய பையை ஜீப்பிலும் முகாமிலும் நண்பன் தோளிலும் விட்டுவிட்டு ‘அஞ்சு நிமிஷம் வியூ பார்த்துட்டு வரேன்’ என்று நகரும்போதுதான் பலர் வழி தவறுகிறார்கள்.

கிளம்புவதற்கு முந்தின ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் கையால் தடவியே தலை டார்ச்சை எடுத்துப் போட முடிகிறதா, பவர் பேங்க் கேபிள் போனில் ஏறுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். அப்படியே ஒரு துண்டுச் சீட்டில் பாதையின் பெயர், கூட வருபவர்கள் நம்பர், வழிகாட்டி நம்பர், ‘ராத்திரி 8 மணிக்குள் போன் வரலைன்னா 112-க்குக் கூப்பிடுங்க’ என்று எழுதி வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடலாம். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் போதாதா என்றால், அம்மாவுக்கு அந்த குரூப்பில் இடம் இருக்காது.